கண்டக்டர் காந்திமதியின் இடது கன்னம்

தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரிக்குப் போகும் பேருந்தில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குக் காந்திமதியை நன்றாகத் தெரியும். அவள் யாரையும் திட்டமாட்டாள். விசிலை ஒருமுறை ஊதுவாள், வண்டி நிற்கும். தொங்குகிற எல்லோரும் உள்ளே ஏறும்வரை அடுத்த விசில் வராது. ஒருநாள் பெருங்களத்தூரில் இப்படிப் பத்து நிமிடம் வண்டி நின்றது. பின்னால் வரிசையாக ஹாரன் சத்தம். காந்திமதி டிக்கெட் மெஷினைத் துணியால் துடைத்துக்கொண்டே, "யாருக்கு அவசரமோ அவங்க மேல ஏறுங்கப்பா. எனக்கு இன்னா, ஒன்பது மணி வரைக்கும் டூட்டிதான்" என்றாள். ஏறினார்கள்.

அவளுடைய அப்பாவும் கண்டக்டர். பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போனார். ஒரே மகள் என்பதால் கருணை அடிப்படையில் அவளுக்கு வேலை கிடைக்க வேண்டும். ஆபீஸ் வேலை காலியாகட்டும், கொஞ்சம் பொறு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். "எந்த வேலை காலியா கீதோ அதையே குடுங்க" என்று அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். அப்படித்தான் புடவைமேல் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். அதற்குப் பிறகு பதினெட்டு வருடத்தில் அம்மை போட்டபோதும், மகள் சினேகா பிறந்தபோதும்தான் நீண்ட லீவு எடுத்திருந்தாள். கணவன் துரை திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் வெல்டர். குடும்பத்தில் எந்த முடிவானாலும் கடைசி வார்த்தை காந்திமதியுடையதாக இருக்கும். துரைக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை.

பதினெட்டாவது வருடம் ஆடி மாதத்தில் வலி வந்தது.

வண்டலூர் மேம்பாலத்தில் வண்டி இறங்கும்போது கதவு வழியாகக் காற்று முகத்தில் அடித்தது. இடது கீழ்த்தாடையிலிருந்து கன்னம்வரை கரண்ட் பாய்ந்ததுபோல ஒரு வெட்டு. காந்திமதி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நான்கு விநாடி, ஐந்து விநாடி இருக்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் போய்விட்டது. மறுநாள் பல் தேய்க்கும்போது வந்தது. அடுத்த வாரம் விசில் ஊதும்போது வந்தது.

பல்வலி என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பல் டாக்டர் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தார். வலி நிற்கவில்லை. அந்தப் பல்லையே பிடுங்கினார். மூன்று வாரம் சும்மா இருந்தது. குணமாகிவிட்டது என்று எல்லோரும் நம்பியிருந்த நேரத்தில் திரும்ப வந்தது. தீபாவளிக்கு முன்னால் இன்னொரு டாக்டரிடம் பக்கத்துப் பல்லையும் பிடுங்கிக்கொண்டாள்.

அதற்குள் அவளிடம் சில புதிய பழக்கங்கள் வந்திருந்தன. விசிலை வாயின் வலது ஓரத்தில் கடித்துக்கொண்டு கன்னம் உப்பாமல் ஊதினாள். காற்று படாமல் முந்தானையால் இடது கன்னத்தை மூடிக்கொண்டாள். வலப்பக்கமாக மட்டும் மென்று, அதுவும் முடியாதபோது கஞ்சி குடித்தாள். ஏழு கிலோ இளைத்தாள். "டிக்கெட், டிக்கெட்" என்று குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, பயணிகளின் தோளைத் தட்டிக் கையை நீட்டினாள். கண்டக்டர் அக்காவுக்கு நம்மேல் ஏதோ கோபம் என்று வழக்கமாக வருகிறவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

தை மாதம் மூன்றாவது பல் டாக்டரிடம் போனாள். தாம்பரம் மார்க்கெட் பக்கம் புதிதாகக் கிளினிக் வைத்திருந்த தீபா என்ற இளம் டாக்டர் அவர். காந்திமதி நாற்காலியில் உட்கார்ந்ததுமே, "இந்தப் பல்லையும் எடுத்துடுங்க" என்று விரலால் காட்டினாள். தீபா தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"இந்தப் பல் நல்லா இருக்கு. நான் எடுக்க மாட்டேன். ஒருவேளை தாடை மூட்டுல பிரச்சினையா இருக்கலாம். அதுக்கு ஒரு எம்.ஆர்.ஐ. எழுதித் தரேன்."

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஒரு ஸ்கேன் சென்டர் இருந்தது. ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரம் கொடுத்தார்கள். ஒரு மணிக்கு டூட்டி. முடித்துக்கொண்டு அப்படியே போய்விடலாம் என்று காந்திமதி காக்கிச் சட்டையோடு தனியாகவே வந்தாள்.

மெஷினை இயக்குகிறவள் ஷீலா. பன்னிரண்டு வருடமாக இதே வேலை. படம் எடுப்பதுதான் அவள் வேலை. பார்த்து எழுதுகிறவர் டாக்டர் ராஜகோபால். அவர் குரோம்பேட்டையில் தன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் படங்களைத் திறந்து பார்த்து ரிப்போர்ட் அனுப்பிவிடுவார். நோயாளியின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. சீட்டில் டாக்டர் எழுதியிருக்கும் இரண்டு வரிதான் அவருக்குத் தெரியும்.

"உடம்புல இரும்பு எதாவது இருக்காக்கா? பிளேட்டு, ஸ்க்ரூ, பேஸ்மேக்கர்?" என்று ஷீலா கேட்டாள். "சட்டைப் பையில இருக்கிறது எல்லாத்தையும் இந்தத் தட்டுல வெச்சுடுங்க. உள்ள காந்தம் இழுத்துடும்."

காந்திமதி சாவிக்கொத்து, ஹேர்பின், விசில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். விசிலைப் பார்த்துவிட்டு ஷீலா, "தாடை வலியோட இத எப்படி ஊதறீங்க?" என்றாள்.

"அத ஊதுனாத்தான் வலிக்கவே வலிக்குது. இல்லாட்டி ஒண்ணும் இல்ல."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"சுர்ருன்னு வரும். எண்ணி அஞ்சுக்குள்ள போயிடும். காத்து பட்டா வரும். பல்லு தேச்சா வரும். ராத்திரி தூங்கறச்ச மட்டும் தொல்ல கெடையாது."

"வாயை நல்லாத் திறந்து மூடினா?"

காந்திமதி திறந்து மூடிக் காட்டினாள். "இதுக்கு ஒண்ணும் ஆவாது."

தாடை மூட்டில் கோளாறு என்று வருகிறவர்கள் வாயைத் திறக்கும்போதுதான் முகம் சுளிப்பார்கள் என்று ஷீலாவுக்குத் தெரியும். காந்திமதியைப் படுக்க வைத்து, காதில் பஞ்சு அடைத்து, அவசரமானால் அமுக்கச் சொல்லிக் கையில் அழைப்பு மணியின் பந்தைக் கொடுத்து, மெஷினுக்குள் அனுப்பினாள்.

தலையில் எந்தப் பாகத்தைப் படம் எடுப்பதானாலும் முதலில் தலை முழுவதையும் சில விநாடிகளில் தோராயமாக ஒரு படம் எடுக்க வேண்டும். எங்கே வெட்டிப் பார்ப்பது என்று குறிப்பதற்காக எடுப்பது அது. தெளிவு இருக்காது. பெரும்பாலானவர்கள் அதை உற்றுப் பார்ப்பதில்லை. ஷீலா பார்த்தாள். மூளைத்தண்டின் வலப்பக்கம் நீர் இருக்கும் இடைவெளி மெலிதாக இருந்தது. இடப்பக்கம் அதே இடைவெளி வீங்கினாற்போல் இருந்தது.

தாடை மூட்டுப் படங்களை எடுத்து முடித்தாள். மூட்டு இரண்டும் சுத்தமாக இருந்தன. உடனே டாக்டருக்குப் போன் செய்தாள்.

"சார், அந்தத் தாடை மூட்டு கேஸ். லெஃப்ட்ல மூளைத்தண்டு பக்கம் எதோ இருக்கிற மாதிரி தெரியுது. ஒரு டி-டூ மட்டும் தலைக்கு எடுத்துக்கட்டுமா?"

"எடு."

தண்ணீரை வெள்ளையாகக் காட்டும் அந்தப் படம் மூன்று நிமிடத்தில் வந்தது. இடப்பக்கத்தில் கட்டைவிரல் பருமனுக்கு வெள்ளையாக ஒரு பை. உள்ளே தண்ணீர்தான் என்று அடித்துச் சொல்லலாம்போல், மூளையைச் சுற்றியிருக்கும் நீரின் அதே வெள்ளை.

டாக்டர் ராஜகோபால் தம் வீட்டிலிருந்து பார்த்தார். "அரக்னாய்ட் சிஸ்ட். வெறும் தண்ணிப் பை. பிறவியிலேயே இருந்திருக்கும். நிறையப் பேருக்கு இருக்கும், ஒண்ணும் பண்ணாது. ரிப்போர்ட்ல ஒரு வரி சேர்த்துடறேன். பேஷண்டை அனுப்பிடு."

காந்திமதி எழுந்து, பொருள்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "மதியம் ரிப்போர்ட்ட எங்க வூட்டுக்காரரு வந்து வாங்கிக்குவாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்து முழங்கால் படத்துக்கு வந்திருந்த ஒருவர் உள்ளே வரத் தயாராக நின்றார்.

ஷீலா அவரை இரண்டு நிமிடம் உட்காரச் சொன்னாள். அந்தப் படம் அவளை விடவில்லை. ஒவ்வொரு வெட்டாகத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். எட்டாவது வெட்டில் நிறுத்தினாள். வெள்ளைப் பைக்கு நடுவே கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி. ஒன்பதாவதிலும் இருந்தது. பத்தாவதிலும். அது ஒரு ரத்தக்குழாய். தண்ணீர்ப் பையாக இருந்தால் ரத்தக்குழாயை ஓரமாகத் தள்ளிவிட்டு உருண்டையாக உட்கார்ந்திருக்கும். இதுவோ குழாயைச் சுற்றி வளைத்துக்கொண்டு, சந்துபொந்தெல்லாம் நுழைந்திருந்தது. ஓரமும் வழவழப்பாக இல்லை.

மறுபடி போன் செய்தாள்.

"சார், அதே கேஸ். எட்டு, ஒன்பது, பத்து இமேஜைத் திறங்க. ஆர்ட்டரி உள்ளாற ஓடுது."

மறுமுனையில் மௌஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது.

"அதோட அவங்களுக்குத் தாடை வலியே இல்ல சார். அஞ்சு செகண்ட் ஷாக் அடிக்கிற மாதிரி வருதாம். காத்து பட்டா, விசில் ஊதினா. அதே லெஃப்ட் சைடு. படத்துல அந்தப் பக்கம் ரெண்டு பல்லைக் காணோம், பிடுங்கியிருக்காங்க."

அவர் அந்தச் சீட்டைத் திரையில் திறந்து பார்த்தார். பிறகு அவர், "சீட்டுல இதெல்லாம் எழுதலையே" என்றார். "டிஃப்யூஷன் எடு. நரம்பு தெரியற மாதிரி மெல்லிசா ஒரு த்ரீ-டியும் எடு. பேஷண்ட் டேபிள்லதானே இருக்காங்க?"

"போயிட்டாங்க சார். கூட்டிட்டு வரேன்."

காந்திமதியின் செல்போன் அணைந்திருந்தது. ஸ்கேனுக்காக அணைத்தவள் திரும்ப ஆன் செய்யவில்லை. ஷீலா செருப்பை மாட்டிக்கொண்டு சாலைக்கு ஓடினாள். பஸ் ஸ்டாப்பில் காக்கிச் சட்டை தெரிந்தது. தாம்பரம் வண்டி ஒன்று நூறடி தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

"அக்கா, ஒரு நிமிஷம். இன்னும் ரெண்டு படம் எடுக்கணும். பதினஞ்சு நிமிஷந்தான்."

"எனக்கு ஒரு மணிக்கு டூட்டிம்மா. நான் இல்லன்னா வண்டி எடுக்க முடியாது. நாளைக்கு வரேன்."

"நாளைக்கு வேணாம். இன்னைக்கே வாங்க."

காந்திமதி ஷீலாவை ஏற இறங்கப் பார்த்தாள். தினமும் ஆயிரம் முகம் பார்க்கிறவள். சில்லறை இல்லை என்று பொய் சொல்கிறவர்களையும் உண்மையாகவே பர்ஸைத் தொலைத்தவர்களையும் பிரித்தறிகிறவள்.

"இன்னா பாத்த? மறைக்காத சொல்லு."

"ரிப்போர்ட்டை நான் சொல்லக்கூடாதுக்கா, டாக்டர்தான் சொல்லணும். ஒண்ணு மட்டும் சொல்றேன். உங்க வலிக்குக் காரணம் பல்லு இல்லன்னு நான் நினைக்கிறேன். அந்தக் காரணத்தைத்தான் தேடறோம். இன்னைக்குக் கிடைச்சுடும்."

தாம்பரம் வண்டி வந்து நின்றது. கண்டக்டர் காந்திமதியைப் பார்த்து ஏறச் சொல்லிக் கையசைத்தார். அவள் அவரிடம், "நீ போ மோகன்ராஜு. டெப்போல சொல்லிடு, இன்னிக்கு நான் லேட்டு, ஸ்பேர்ல யாரையாவது ஏத்தச் சொல்லு" என்றாள். அவளுடைய பதினெட்டு வருட சர்வீஸில் அவர் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதில்லை. வண்டி புறப்பட்ட பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

இந்தத் தடவை மெஷினுக்குள் படுத்திருந்தபோது அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. தலைக்கு மேல் தகரத்தில் சுத்தியால் அடிப்பதுபோல் சத்தம். அசையக்கூடாது என்று ஷீலா சொல்லியிருந்தாள். ஆனாலும் பயத்தைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. இரண்டாவது பல்லும் போன பிறகு, வலி பல்லில் இல்லையோ என்று அவளுக்குள்ளேயே ஒரு சந்தேகம் இருந்தது. பல்லைப் பிடுங்கியும் நிற்காத வலியைப் பற்றி யாரிடம் சொன்னாலும், உனக்கு மனசு சரியில்லை, ஓய்வெடு என்றார்கள். இன்றைக்கு முதன்முதலாக ஒருத்தி வலி எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு சாலைவரை ஓடி வந்திருக்கிறாள்.

டிஃப்யூஷன் படம் ஒன்றரை நிமிடத்தில் வந்தது. சுத்தமான தண்ணீர் அந்தப் படத்தில் கறுத்துவிடும். மூளையைச் சுற்றியிருந்த நீர் முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. இடப்பக்கத்துப் பை மட்டும் பல்பு போட்டதுபோல் வெள்ளையாக நின்றது.

ஷீலா போனை எடுப்பதற்குள் டாக்டரே கூப்பிட்டார். "எபிடெர்மாய்ட். சந்தேகமே இல்ல. த்ரீ-டியில பார், அஞ்சாம் நரம்பை நூல் மாதிரி நசுக்கி வெச்சிருக்கு. நீ ரெண்டாவது தடவை கூப்பிடலைன்னா நான் தண்ணிப் பைன்னு எழுதி அனுப்பியிருப்பேன்." பிறகு, "போனை அவங்ககிட்ட குடு, நானே சொல்றேன்" என்றார்.

அவர் காந்திமதியிடம் நிதானமாகச் சொன்னார். முகத்துக்கு உணர்ச்சி கொண்டுபோகும் நரம்பின் மேல் ஒரு கட்டி உட்கார்ந்திருக்கிறது. அது புற்றுநோய் இல்லை. கருவில் இருக்கும்போதே தோலின் சில செல்கள் வழிதவறி உள்ளே தங்கி, இத்தனை வருடமாக மெள்ள மெள்ள வளர்ந்திருக்கிறது. அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடலாம். தலையிலா என்று பயப்பட வேண்டாம். தினமும் செய்கிற ஆபரேஷன்தான்.

காந்திமதி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஷீலாவிடம், "தண்ணிக்கும் இதுக்கும் எப்டி வித்தியாசம் கண்டுபுடிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"தண்ணின்னா உள்ள தாராளமா அலையும். இதுக்குள்ள அடைச்சுக்கிட்டு இருக்கிறதால அசைய முடியாது. அசையறது கறுப்பாகும், அசையாதது வெள்ளையாகும்."

"காலையில எட்டு மணி வண்டி மாரி."

"அதேதான்" என்று ஷீலா சிரித்தாள்.

அன்று மாலை வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் துரை தரையில் உட்கார்ந்துவிட்டான். தலையில் கத்தி வைப்பதா என்று பதறினான். வேறு வைத்தியம் ஏதாவது பார்க்கலாம், காட்பாடியில் யாரோ மருந்து கொடுக்கிறார்களாம் என்றான்.

காந்திமதி அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். "இத்தினி நாளா வலி எங்க கீதுன்னே தெரியாத, ரெண்டு பல்லு போச்சு. இப்ப எங்க கீதுன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சப்பறம் இன்னாத்துக்கு ஊர் சுத்திகினு?"

மறுநாள் துரையும் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனான்.

சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஹரிபிரசாத் என்ற மூளை அறுவை நிபுணர் படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். துரையையும் கிட்டே கூப்பிட்டு நரம்பையும் கட்டியையும் ரத்தக்குழாயையும் பேனா முனையால் காட்டினார். பைப்புக்குள் பற்றவைப்பது எப்படி என்று தெரிந்த துரைக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் பாதிப் பயம் விட்டது. எங்கே கை வைக்கப்போகிறார்கள் என்பது அவன் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. குழாயை ஒட்டியிருக்கும் பாகத்தை முழுக்கச் சுரண்ட மாட்டேன், கொஞ்சம் விட்டுவைத்தாலும் பரவாயில்லை, குழாய்தான் முக்கியம் என்றும் டாக்டர் சொன்னார். அதுவரைக்கும் வலிக்கு மாத்திரை கொடுத்தார். மாத்திரை வலியைப் பாதியாகக் குறைத்தது. ஆனால் நின்றுகொண்டே தூங்க வைத்தது. ஒருநாள் வண்டலூரில் ஏறியவருக்குப் பெருங்களத்தூர் வந்தபிறகு டிக்கெட் கொடுத்தாள். அன்றோடு மெடிக்கல் லீவு போட்டுவிட்டாள்.

பங்குனியில் ஆபரேஷன் நடந்தது. காதுக்குப் பின்னால் திறந்து, ஆறு மணி நேரம். துரையும் சினேகாவும் வெளியே பெஞ்சில் இருந்தார்கள். வெளியே வந்த ஹரிபிரசாத், "தண்ணி ஒரு சொட்டுகூட இல்ல. மெழுகு உதிர்ந்த மாதிரி வெள்ளை வெள்ளையா வந்துச்சு. ஸ்கேன்ல சொன்னது அப்படியே சரி" என்றார். ரத்தக்குழாயில் ஒட்டியிருந்த கட்டியின் மெல்லிய தோலை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

மூன்றாம் நாள் வார்டில் மின்விசிறிக் காற்று காந்திமதியின் இடது கன்னத்தில் நேராகப் பட்டது. அவள் பழக்கத்தில் கையைத் தூக்கிக் கன்னத்தை மூடினாள். பிறகு மெள்ளக் கையை எடுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் முகத்தைத் திருப்பினாள். சினேகா பார்த்துக்கொண்டிருந்தாள். "வலிக்குதாம்மா?" என்றாள். காந்திமதி கண்ணை மூடிக்கொண்டு காற்றில் முகத்தைக் காட்டியபடி கிடந்தாள். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது.

எல்லாமே முன்போல் ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. கீழுதட்டின் இடது ஓரம் மரத்துப்போனது. காபி குடித்தால் அந்த ஓரத்தில் வழிவது அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும். முதல் மாதம் நடக்கும்போது லேசாகத் தள்ளாடினாள். அது சரியாகிவிட்டது. பிடுங்கிய இரண்டு பல்லுக்குப் பதில் தீபா டாக்டர் செயற்கைப் பல் கட்டினார். மூன்றாவதைப் பிடுங்க மறுத்ததற்காகக் காந்திமதி அவருக்கு ஒரு கூடை மாம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆனி மாதம் டூட்டிக்குத் திரும்பினாள். அவள் குரல் கேட்டதும், வழக்கமாக வரும் நர்ஸ் ஒருத்தி, "அக்கா, எங்க மேல கோபம் தீர்ந்துடுச்சா?" என்று கேட்டாள். நடந்ததைக் காந்திமதி கிளாம்பாக்கம் வரும்வரை அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வருடம் ஒருமுறை படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. வேறு எங்கும் போகாமல் ஊரப்பாக்கத்துக்கே வந்தாள். இரண்டாம் வருடப் படம் எடுத்தபோது டாக்டர் ராஜகோபாலும் அன்று சென்டருக்கு வந்திருந்தார். காந்திமதியின் முகத்தை அவர் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. போன வருடப் படத்தையும் இந்த வருடப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கட்டி இருந்த இடம் கறுப்பாக, வெறும் தண்ணீராக இருந்தது. ரத்தக்குழாயின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. இரண்டு படத்திலும் அது ஒரே அளவு.

"அப்படியே நிக்குது. வளரல. அடுத்த படம் ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்தாப் போதும்" என்றார் அவர்.

காந்திமதி குனிந்து அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வளரலன்னா அது பாட்டுக்குக் கெடக்கட்டும் சார்" என்றாள். பிறகு ஷீலாவின் பக்கம் திரும்பி, "அடுத்த தபா காலையில ஏழு மணிக்கே டைம் போட்டுடும்மா. அப்ப எனக்கு எந்த ரூட்டு குடுப்பாங்களோ தெரியாது" என்று சொல்லிவிட்டு, ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.